மாப்பிள்ளை எழுந்தால் படுத்துவிடும் வைஃபை

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வெகு காலம் வாய் வந்ததே இல்லை. எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. அது சரியான பதிலா என்பது கேட்டவர்கள் பாடு. ரயில் ஏன் தாமதம், மாம்பழம் ஏன் புளிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் முழங்கால் வலி என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன். இந்த வியாதி முற்றிப்போய் வெடித்தது என் கல்யாணத்துக்கு அடுத்த வாரம், திருநெல்வேலி தச்சநல்லூரில், என் மாமனார் வீட்டில்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில், ஊழியர்கள் விடுப்பு கேட்கும் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது என் உழைப்பு. (அதன் நிறம் இன்னொருவர் உழைப்பு.) ஆனால் மாமனார் வீட்டைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்றால் ஒன்றுதான். நெட், வயர், செல்போன், டிவி ரிமோட், கரண்ட் மீட்டர் எல்லாமே கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்தான் அதிகாரி. இந்தத் தவறான எண்ணத்தை மாற்ற நான் ஒரு சின்ன முயற்சிகூடச் செய்யவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மறுவீட்டு விருந்துக்குப் போனவன் அப்படியே பத்து நாள் தங்கி, அங்கிருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பது என்று ஏற்பாடு. வீட்டில் மாமா, அத்தை, என் மனைவி கோமதி, அவள் தங்கை காந்திமதி. மாமா பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால்காரர் இரண்டு நாள் தாமதமாக வந்தால்கூட, 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிடுவார்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது என்று எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருந்தது. வள்ளியூரில் எங்கள் வீட்டில் அதெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. அத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அத்தை கோமதியைப் பார்த்து, "ஏட்டி, அவியளுக்கு இன்னும் கொஞ்சம் சொதி வேணுமான்னு கேளு" என்பார். கோமதி என்னைப் பார்த்து, "சொதி வேணுமா?" என்பாள். நான் கோமதியிடம், "போதும்" என்பேன். அதற்குள் இலையில் தேங்காய்ப்பால் சொதி விழுந்திருக்கும். கோமதி பக்கத்தில் இல்லாவிட்டால் அத்தை பூனையிடம் சொல்வார், முருங்கை மரத்திடம் சொல்வார், மிக்ஸியிடம்கூடச் சொல்வார். அது என் காதில் விழ வேண்டும், எனக்குப் புரிய வேண்டும். இதற்குச் சாடைப் பேச்சு என்று பெயர். இதில் அத்தைக்கு நல்ல தேர்ச்சி. கேட்டுப் புரிந்துகொள்வதில் நான் முழு முட்டாள்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காந்திமதி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அத்தான், நெட்டு மூணு நாளா ரொம்ப மெதுவா இருக்கு. திடீர்னு நிக்கி, திடீர்னு ஓடுது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

மூன்று நாளாக என்றாள். நான் வந்து மூன்று நாள். இதை அவள் எவ்வளவு மரியாதையாக என் முன்னால் எடுத்து வைத்தாள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான், "மூணு நாளாத்தானா? நல்ல வேளை, நான் இருக்கும்போது ஆச்சு" என்றேன்.

அந்த இன்டர்வியூ சாதாரண விஷயமில்லை. காந்திமதி தாவரவியலில் மேல்படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு சுற்று தாண்டி, கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதை வீடியோவில்தான் நடத்துவார்களாம். இது கிடைக்காவிட்டால் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவேன் என்று மாமா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அதனால் அவளுக்கு இது வேலை மட்டும் இல்லை, அடுத்த பத்து வருடம் யார் சொல்படி நடக்கும் என்ற கேள்வி. அதை அவள் என்னை நம்பி ஒப்படைத்தாள்.

"மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல போன்ல சிக்னல் நல்லாக் கிடைக்கும் அத்தான். அங்கன உக்காந்து பேசிருதேன்" என்று அவள் ஒரு வழியும் சொன்னாள்.

"நான் இருக்கும்போது நீ வெயில்ல உக்காந்து பேசுதியா? ஊரு என்ன சொல்லும்?" என்று நான் அதை மறுத்துவிட்டேன். ஊருக்கு இதைப் பற்றி ஒரு கருத்தும் இருந்திருக்காது.

ஆய்வை உடனே தொடங்கினேன். என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வேகத்தைச் சோதித்தேன். பறந்தது. "நல்லாத்தான இருக்கு" என்று எழுந்து சாப்பிடப் போனேன். முன்னறையிலிருந்து காந்திமதி, "அத்தான், நின்னுட்டு" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து சோதித்தேன். மறுபடி பறந்தது. எழுந்து போனேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. உட்கார்ந்தேன், ஓடியது. நாலைந்து தடவை இப்படி நடந்ததும் மாமாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"ஏட்டி கோமு, பாத்தியா? மாப்ளை வந்து உக்காந்தாலே அது ஒழுங்கா ஓடுது. இது கைராசி, வேற என்ன?"

அறிவுள்ளவன் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நான் தலையை லேசாக ஆட்டி, அடக்கமாகச் சிரித்து, அந்தக் கைராசியை ஏற்றுக்கொண்டேன்.

காந்திமதி பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டிய பெண் அல்லவா? ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த நேரத்தில் நின்றது, எந்த நேரத்தில் ஓடியது என்று எழுதி வைத்திருந்தாள். காலை எட்டே காலிலிருந்து ஒன்பது வரை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை. சாயங்காலம் காப்பி நேரம். அதை என்னிடம் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எட்டே காலுக்கு நான் இட்லி முன்னால் இருப்பேன். ஒரு மணிக்கு இலை முன்னால் இருப்பேன், அதற்கப்புறம் கட்டிலில் இருப்பேன். நான் அந்த நோட்டைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"தெளிவாத் தெரியுதே! எல்லாம் சாப்பிடுத நேரம். தெருவே சோத்தைப் போட்டுக்கிட்டு வீடியோ பாக்குது."

காந்திமதி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து ரூட்டரை இடம் மாற்றினேன். முன்னறைப் பீரோ மேல் இருந்ததைக் கழற்றி, சமையலறை வாசல் நிலைக்கு மேல் ஒரு பலகை அடித்து ஏற்றி வைத்தேன். வீட்டின் நடுப்பகுதி அதுதான் என்று சுவரில் கயிறு பிடித்து அளந்து நிரூபித்தேன். ஆணி அடிக்கும்போது காரை பெயர்ந்து அத்தையின் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அத்தை மாவைக் கொட்டிவிட்டு வேறு மாவு அரைத்தார். இந்த இடமாற்றத்தால் நெட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் ரூட்டரின் பச்சை விளக்கு நாள் முழுக்க அத்தையின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

அப்புறம், யாரோ நம் நெட்டைத் திருடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். பாஸ்வேர்டை இருபத்தாறு எழுத்தில் மாற்றினேன். மாமா மறக்காமல் இருக்க, அதைப் பெரிய எழுத்தில் வாசல் பக்கத்துக் காலண்டரில் எழுதி வைத்தார். பக்கத்து வீட்டில் அரிசிக்கடை அண்ணாச்சி இருந்தார். எனக்கு அவர்மேல் சந்தேகம். நேராகக் கேட்க முடியுமா? நானும் சாடையைக் கையில் எடுத்தேன். மொட்டை மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "சில பேருக்கு அடுத்த வீட்டு நெட்டுன்னா அல்வா மாதிரி இனிக்குது" என்றேன். அடுத்த நொடியே பக்கத்து மாடியிலிருந்து அண்ணாச்சி தலையை நீட்டினார்.

"என்ன மாப்ளை, என்னையவா சொல்லுதீரு? எங்கிட்ட இருக்கது பட்டன் போனு வே. இன்னா பாரும். இதுல நெட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

பட்டன் போனை எடுத்து ஆட்டியும் காட்டினார். என் சாடை அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது. அத்தையின் சாடை எனக்கு அத்தனை நாளும் புரியவில்லை.

அத்தை அதற்குள் கண்டுபிடித்திருந்தார். அவர் எந்தப் பொறியியலும் படித்ததில்லை. ஆனால் குக்கர் சத்தத்தை வைத்தே பருப்பு எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். பச்சை விளக்கு சில நேரம் பைய மினுங்குகிறது, சில நேரம் பைத்தியம் பிடித்த மாதிரி துடிக்கிறது என்று பார்த்திருக்கிறார். துடிக்கும்போதெல்லாம் நடு அறையில் மாப்பிள்ளையின் லேப்டாப் பெட்டி சார்ஜரில் மாட்டித் திறந்து கிடக்கிறது, மாப்பிள்ளை அங்கே இல்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் விளக்கு அடங்குகிறது. அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு நாள் பார்த்தே முடித்துவிட்டார். மகள்கள் இரண்டு பேரிடமும் சொல்லியும் இருக்கிறார். "அப்ப நான் அத்தான்ட்ட சொல்லிருதேன்" என்று காந்திமதி கிளம்பியபோது, "சும்மா கெட. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகல, மாப்பிள்ளையக் குத்தம் சொல்லுததா? நான் பாத்துக்கிடுதேன்" என்று இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்ட விதம் இது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பூனையிடம் சொன்னார்: "பொட்டியத் தொறந்து போட்டுட்டுப் போனா அது பாட்டுக்கு உறிஞ்சத்தான செய்யும்?" நான் உடனே எழுந்து போய், பிரிட்ஜ் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பொறுப்பான மாப்பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் முருங்கை மரத்திடம் சொன்னார்: "வெளிய வெளியத் தேடுதாவ. வீட்டுக்குள்ள புதுசா வந்தது எதுன்னு பாக்க வேண்டாமா?" இது எனக்குச் சுரீர் என்று உறைத்தது. வீட்டுக்குள் புதிதாக வந்தது எது? எலி! எலி வந்து வயரைக் கடிக்கிறது! கடிக்கும்போது நெட் நிற்கிறது, கடிப்பதை நிறுத்தினால் ஓடுகிறது. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! கடைத்தெருவுக்குப் போய் ஒரு பலகை எலிப்பொறி வாங்கிவந்து, தேங்காய்ச் சில்லு மாட்டி, ரூட்டருக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தேன். அத்தை சமையலறையிலிருந்து அதை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார் என்று பிற்பாடு கோமதி சொன்னாள்.

நெட் நிறுவனத்துக்கு மாமா மூன்று பக்கக் கடிதம் எழுதினார். 'பொருள்: இணைய வேகம் விட்டு விட்டுக் குறைதல் தொடர்பாக.' இரண்டாம் பக்கத்தில், 'கணினித் துறையில் உயர் பொறுப்பு வகிக்கும் எங்கள் மூத்த மாப்பிள்ளை நேரில் ஆய்வு செய்ததில்' என்று ஒரு வரி வரும். அதைப் படித்தபோது என் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. (ஒரே மாப்பிள்ளை எப்படி மூத்த மாப்பிள்ளை ஆனேன் என்று நான் கேட்கவில்லை.) வியாழக்கிழமை கேபிள்காரர் வந்தார். நிதானமான மனிதர். வெளிவயர், உள்வயர் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி என்றார். எலிப்பொறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிளம்பும்போது கேட்டார்:

"சார், வீட்ல எந்த லேப்டாப்லயாவது பேக்கப்பு, அப்டேட்டு மாதிரி எதுவும் பின்னால ஓடிக்கிட்டு இருக்கா? அது இருந்தா இப்பிடித்தான் விட்டு விட்டு இழுக்கும்."

"நான் இந்தத் துறையில இருக்கேன். அதெல்லாம் முதல்லயே பாத்தாச்சு" என்றேன்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. சமையலறைக்குள் ஒரு டம்ளர் சற்றுச் சத்தமாக வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை. நான் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டேன். காந்திமதிக்காக நெட்டைக் காவல் காப்பது என்று முடிவு. காலையிலேயே உத்தரவுகள் பறந்தன. எல்லா செல்போனும் அணைக்கப்பட வேண்டும். டிவி கூடாது. கிரைண்டர் கூடாது. (கிரைண்டருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். "இருக்கு மாமா" என்றேன்.) அண்ணாச்சி வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் பட்டன் போனையும் அணைத்துவிட்டதாகப் பதில் வந்தது. காந்திமதி முன்னறையில் நீலச்சேலை கட்டிக்கொண்டு மாமாவின் பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை நாலாவது தடவையாகச் சரிசெய்தாள். "பயப்படாத. அத்தான் இருக்கேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக ஆபத்தான வாக்கியம் இதுதான்.

பத்தேமுக்காலுக்கு என் லேப்டாப்பைத் திறந்து, சார்ஜரை மாட்டி, நெட் வேகத்தைக் காட்டும் கோட்டுப்படத்தைத் திரையில் ஓடவிட்டேன். பதினோரு மணிவரை அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராகப் போனது. இன்டர்வியூ தொடங்கியது. எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற நிம்மதியோடு எழுந்து, வாசலுக்கும் நடு அறைக்கும் இடையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் நாலு மணி நேரப் படத்தை எனக்குக் கொடுத்திருந்தார். அது தொலைந்துவிடக் கூடாதே என்று, தச்சநல்லூர் வந்த அன்றே ஒரு மென்பொருளைப் போட்டு, இணையத்தில் பத்திரமாக ஏற்றச் சொல்லியிருந்தேன். என் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க, 'சார்ஜில் இருக்கும்போது மட்டும், பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் மட்டும் ஏற்று' என்று நானே டிக் அடித்தேன். அடித்துவிட்டு மறந்துபோனேன். அதனால் நான் உட்கார்ந்தால் அது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். எழுந்து போனால் வீட்டு நெட் மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொள்ளும். என் கைராசி என்று மாமா கொண்டாடியது இதைத்தான்.

பதினொன்று பத்துக்கு முன்னறையில் சத்தம் மாறியது.

"சார்? சார், கேக்குதா சார்? நீங்க கேட்டது பாதிதான் கேட்டுச்சு சார்..."

எட்டிப் பார்த்தேன். திரையில் மூன்று பெரியவர்கள் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்கள். காந்திமதி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. 'அத்தான், நீங்கதான சொன்னீங்க' என்ற பார்வை.

பதறினால் என்ன செய்வோம்? அணைத்துவிட்டுப் போடுவோம். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ரூட்டரின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அணைத்திருந்தால் இன்டர்வியூ அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் நடுவில் தொடர்பு அறுந்து போனவர்களை மறுபடி சேர்க்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். விரல் சுவிட்சைத் தொடப்போன நேரத்தில் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே! கையை எடுலே!"

திருநெல்வேலியில் 'ஏலே' என்பது மகனுக்கு, தம்பிக்கு, கூடப் படித்த சேக்காளிக்கு. மாமனார்கூட மாப்பிள்ளையை 'லே' போட்டுக் கூப்பிடமாட்டார். மாமியார் கூப்பிட்டதாக அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். திரும்பிய வேகத்தில் கை எலிப்பொறி மேல் பட்டது. பொறி அதன் கடமையைச் செய்தது. "ஐயோ!" என்று நான் கத்தியதைக் கேட்டு அண்ணாச்சி வீட்டு நாய் குரைத்தது.

அத்தை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் கரண்டியோடு நடு அறைக்குள் போய், என் லேப்டாப்பைப் படார் என்று மூடினார். ரூட்டரில் துடித்துக்கொண்டிருந்த பச்சை விளக்கு அந்தக் கணமே அடங்கியது. முன்னறையில் மூன்று பெரியவர்களும் வாயை மூடினார்கள், கண்ணைச் சிமிட்டினார்கள். லைன் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது. அந்தத் தெளிவான லைனில்தான் அத்தையின் அடுத்த வாக்கியம் தங்கு தடையில்லாமல் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது.

"எத்தனை நாளாச் சாடையாச் சொல்லுதேன்! இந்த மரமண்டைக்கு ஏதாவது ஏறுதா? பொட்டிய மூடுலேன்னா எலியப் புடிக்கான்!"

நான் ஸ்டூல் மேல், விரலில் எலிப்பொறி தொங்க நின்றுகொண்டிருந்தேன். திரையில் நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அங்க என்னங்க சத்தம்?"

காந்திமதி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் அவள் குரலில் நடுக்கமே இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார். ஒரு வாரமா எங்க நெட்டு சில நேரம் நல்லா இருக்கும், சில நேரம் நின்னுரும். காரணம் உறுதியாத் தெரியல. எங்க அம்மா இப்பக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"எப்படீங்க கண்டுபிடிச்சாங்க?" என்றார், திரையில் அவர் பக்கத்தில் இருந்த அம்மையார்.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நின்ற நேரம், ஓடிய நேரம், ஒவ்வொரு நேரத்திலும் வீட்டில் எது எப்படி இருந்தது, எதை மாற்றினால் எது மாறியது என்று வரிசையாகச் சொன்னாள். எல்லா நேரத்திலும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பொருள், அந்த ஒன்றை நீக்கியதும் குறை போய்விட்டது என்று முடித்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. 'வெளியிலிருந்து வந்த ஒரு கருவி' என்று நாகரிகமாகச் சொன்னாள். ஒரே விதை மூட்டையில் எடுத்த மாதிரி விதை ஒரு நாள் நன்றாக முளைக்கிறது, மறுநாள் முளைக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்பதுதான் அவர்கள் அடுத்து வைத்திருந்த கேள்வியாம். "அதுக்குத்தான் இப்பப் பதில் சொல்லிட்டீங்களே" என்று அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. அந்த இன்டர்வியூவில் நான்தான் கெட்ட விதை.

அன்று மதியம் மாமா பரிமாறினார். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏட்டி கோமு, அவியட்ட சொல்லு. ஏதோ வாய் தவறி வந்துட்டுன்னு. மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு."

நான் விரலில் துணி சுற்றியபடி இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். உண்மையில் எனக்குக் கோபம் துளியும் இல்லை. அவமானம் நிறைய இருந்தது. அதற்கடியில், அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் வீம்பால் கைநழுவப் பார்த்ததே என்ற நடுக்கம் இருந்தது. கோமதியைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே சொன்னேன்.

"அத்தை, நீங்க முதல் நாளே அப்பிடிச் சொல்லிருந்தா என் விரலு தப்பிச்சிருக்கும். எனக்குச் சாடை வெளங்காது. இனிமே எதுனாலும் நேராச் சொல்லிருங்க."

அத்தை சொதிப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். யாரையும் கேட்கச் சொல்லாமல், என் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துதேன். கையக் காட்டுங்க, வீங்கிருக்கா?" என்றார். மாமா கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றது.

அன்றைக்குத் திறந்த வாயை அத்தை இன்றுவரை மூடவில்லை. என் தலைமுடி, என் தொப்பை, நான் வண்டி ஓட்டும் லட்சணம் எல்லாவற்றைப் பற்றியும் நேருக்கு நேராகவே கருத்துச் சொல்கிறார். சாதாரணமாக 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மட்டும் 'லே'. எங்கள் குடும்பத்தில் எந்த ஊரில், யார் வீட்டில் நெட் மெதுவானாலும் முதல் வேலையாக எனக்குத்தான் போன் வரும். உதவி கேட்டு இல்லை. "அத்தான், ஒங்க பொட்டி மூடிருக்கான்னு பாருங்க" என்று கேட்பதற்கு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு காந்திமதியும் கேட்கிறாள்.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். கூட வேலை பார்க்கிறவர். அவளே பார்த்துச் சொன்னாள், மாமா மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார். புது மாப்பிள்ளை மறுவீட்டு விருந்துக்கு வந்து உட்கார்ந்ததும், அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டார். "ஏட்டி காந்தி, அவியளுக்கு இஞ்சிப் பச்சடி வேணுமான்னு கேளு" என்று தொடங்கிவிட்டது. பழைய மரியாதை முழுவதும் அவருக்கு. அவர் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "இங்க நெட் கொஞ்சம் மெதுவா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார். உடனே கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது:

"ஏலே! பொட்டிய மூடினியா?"

புது மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"உங்களை இல்ல. உங்களை அப்பிடிக் கூப்பிட இன்னும் ரொம்ப நாள் ஆகும். அது என்னை" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அத்தைக்குப் பிறந்தது இரண்டும் பெண். அந்த வீட்டில் 'ஏலே' என்று கூப்பிட ஒரே ஆள்தான் இருக்கிறான்.

"இதோ மூடிருதேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு எழுந்து போனேன்.